எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய சுபேதார் ஐயா அவர்களுக்கும், சங்கத்து அண்ணன்களுக்கும், அவர்கள் வீட்டு அக்காக்களுக்கும் வணக்கம்.

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷத்தில் இருக்கிறாள். இந்த வருஷ ஸ்காலர்ஷிப் பணமும் அவள் கணக்கில் ஏறிவிட்டது. இதை நேரில் வந்து சொன்னால் சுபேதார் ஐயா, "சரிம்மா, நல்லா படிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார். நன்றி என்ற சொல்லைக் காதில் வாங்கவே மாட்டார். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் கணியம்பாடி பக்கத்தைத் தெரிந்தவர்களுக்குப் பட்டாளத்து வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டை அதற்கென்றே பெயர் பெற்ற ஊர். எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் இல்லை. ஆனாலும் தெருவுக்கு நாலைந்து வீடுகளில் சீருடை போட்ட படம் ஒன்று சுவரில் தொங்கும். என் கணவர் மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்பில் ஹவில்தார். 2017-ல் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மகளுக்கு அப்போது பதினோரு வயது, மகனுக்கு மூன்று.

அன்றிலிருந்து நீங்கள் செய்தவற்றில் பணமாகக் கொடுத்தது ரொம்பக் குறைவு. அதை மறைக்காமலே சொல்கிறேன், ஏனென்றால் பணத்தைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் கொடுத்தீர்கள். அரசாங்கம் எங்களுக்கு என்று எழுதி வைத்திருப்பது எங்கள் கைக்கு வந்து சேரும்வரை கூடவே நடந்தீர்கள்.

பணியில் இருக்கும்போது ஒரு சிப்பாய் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சண்டையிலோ, பணி காரணமாகவோ இறந்தால் ஒரு கணக்கு, எங்கள் வீட்டில் நடந்தது போல இயற்கையாக இறந்தால் வேறு கணக்கு. எங்களுக்கு முதல் பத்து வருஷம் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்குப் பிறகு 30 சதவிகிதம். இது போக பணிக்கொடை, ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் தொகை, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் அடையாள அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு கட்டு நகல். அந்த நேரத்தில் எனக்கு சோறு தொண்டையில் இறங்கவில்லை. இதில் எந்தப் படிவம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுபேதார் ஐயா ஒரு நீல ஃபைலோடு வந்தார். அவர் சர்வீஸில் கிளார்க்காக இருந்தவர். என் கணவரின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த ஒவ்வொரு காகிதத்தையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பினார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு இரண்டு காகிதங்களைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்றில் என் பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தது. ஆதாரில் அந்த எழுத்து இல்லை. இன்னொன்றில் மகளின் பெயர் மட்டும் இருந்தது, மகன் பெயர் இல்லவே இல்லை. மகன் பிறந்த சமயத்தில் அவருக்கு மாறுதல் வந்து எல்லைப் பக்கம் போயிருந்தார். குழந்தை பிறந்தது பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏறாமலே போய்விட்டது.

ராணுவத்தில் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் பார்ட் டூ ஆர்டரில் வெளியானால்தான் அது கணக்கு. வெளியாகாவிட்டால், சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரிக்கார்டு ஆபீஸைப் பொறுத்தவரை அப்படி ஒரு குழந்தையே இல்லை. என் மூன்று வயதுப் பையன் திண்ணையில் அந்தக் காகிதங்கள் மேலேயே விளையாடிக்கொண்டிருந்தான்.

ஐயா பெங்களூரு ரிக்கார்டு ஆபீஸுக்குப் போன் போட்டு, இந்தியும் தமிழும் கலந்து பேசி, என்னென்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ், நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், மாவட்ட நல அலுவலகத்தின் கையெழுத்து. ஒரு இடத்தில் எங்களைத் திரும்பத் திரும்ப "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார்கள். ஹவில்தார் அண்ணன் ஒருவர் அங்கே போய்க் குரலை உயர்த்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கையெழுத்து வந்தது. மகன் பெயர் ஏறி முடிக்க மாதக்கணக்கில் ஆனது, அதுவரை அந்த நீல ஃபைலை வைத்திருந்தவர் ஐயாதான். எனக்குத் தொலைந்துபோகும் என்ற பயம்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு விஷயத்தையும் எழுதியே ஆக வேண்டும், அது சுபேதார் ஐயா வீட்டு அக்காவைப் பற்றியது. பணம் வரப்போகிறது என்றதும் சொந்தத்தில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பியது. மகனைப் பறிகொடுத்த என் மாமியார் காதில் யார் யாரோ எதை எதையோ போட்டார்கள். அக்கா ஒருநாள் மத்தியானம் வந்து எங்கள் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்தார். மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்ற விதியைச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "விதி அப்படி, ஆனா அவங்க மருந்துச் செலவு உன் பொறுப்பு" என்றார். மாமியார் அழுதார், நானும் அழுதேன். அவர் இன்றுவரை என்னோடுதான் இருக்கிறார். கணவனை இழந்த பெண்களின் எத்தனையோ வீடுகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. எங்கள் வீடு உடையாமல் காத்தது அந்த அக்கா. சங்கத்தின் எந்த ஆண்டறிக்கையிலும் இது வராது.

படிப்புக்கு வருகிறேன். ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு கல்வி உதவி தருகிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000. கொடி நாளில் மக்கள் போடும் காசுதான் இதற்கெல்லாம் அடிப்படை. டிசம்பர் 7-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திவிடும் அந்தச் சின்னக் கொடிக்கு நீங்கள் கொடுக்கும் பத்து ரூபாய் என் மகனின் நோட்டுப் புத்தகமாக வந்திருக்கிறது. முகம் தெரியாத உங்களுக்கும் இந்தக் கடிதத்தில் நன்றி உண்டு.

மகளுக்குக் கிடைப்பது பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கான பிரதமர் ஸ்காலர்ஷிப். பிளஸ் டூவில் 60 சதவிகிதம் எடுத்துத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய், வருஷத்துக்கு 36,000. முதல் வருஷத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் தன் லேப்டாப்பையும் ஸ்கேனரையும் சங்கத்தில் வைத்துக்கொண்டு அந்த சீசன் முழுக்க உட்காருவார். கல்லூரி கொடுத்த சான்றிதழில் முத்திரை மங்கலாக இருந்தது. "இது திரும்பி வரும்மா" என்று அன்றைக்கே கல்லூரிக்குத் திருப்பி அனுப்பி, தெளிவான முத்திரையோடு வாங்கி வரச் சொன்னார். அந்தப் பார்வை அனுபவத்தில் வருவது. பக்கத்து மாவட்டத்தில் சங்கமே இல்லாத ஊரில் இருக்கும் ஒரு பெண் இப்படி ஒரு ஸ்காலர்ஷிப் இருப்பதை மகன் கடைசி வருஷம் படிக்கும்போதுதான் கேள்விப்பட்டாள். திட்டம் இருக்கிறது, அறிவிப்பும் இருக்கிறது. வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்றால் அது இல்லாத மாதிரிதான் என்பது என் எண்ணம்.

ஓய்வூதியம் வங்கிகளிலிருந்து ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறைக்கு மாறிய காலத்தில் நீங்கள் பட்ட பாடும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் தெருப் பாட்டி ஒருவர், கணவர் 1971 போரில் இருந்தவர். வருஷா வருஷம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். காலமெல்லாம் பீடி சுற்றிய கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மெஷினில் எந்த விரலை வைத்தாலும் பச்சை விளக்கு எரியவில்லை. இரண்டு மாதம் பணம் நின்றுபோனது. சிக்னல்ஸ் அண்ணன் போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பாட்டியை வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "கண்ணைச் சிமிட்டு பாட்டி" என்றார். பதிவு ஆனது. இப்போது நவம்பர் வந்தால் அந்த நாற்காலிக்கு வரிசை நிற்கிறது.

இதெல்லாம் பட்டாளத்து வீடுகளுக்கு. ஆனால் நான் மனசார வியப்பது சாயங்கால வகுப்பைப் பார்த்துத்தான். எங்கள் ஊரில் பட்டாளத்து வீடுகளுக்கு ஓய்வூதியமாவது வருகிறது. காலனியிலும் மேட்டுத் தெருவிலும் பீடி சுற்றும் வீடுகளில் அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்க உட்கார்ந்துவிடும். பத்தாவது முடித்ததும் ஷூ கம்பெனி. இந்தப் பிள்ளைகளுக்காகச் சங்கக் கட்டடத்தின் பின்பக்க அறையைத் திறந்துவிட்டீர்கள். ஒவ்வொருவரும் பென்ஷன் வந்ததும் ஒரு தொகை எடுத்து வைத்தீர்கள். பீரங்கிப் படையில் இருந்த அண்ணன் கோணங்களை நடத்துகிறார், அவர் நடத்தினால் பிள்ளைகளுக்குக் கோணம் மறக்காது. தூரத்தையும் கோணத்தையும் வைத்துக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர் அல்லவா. சமையல்காரராக இருந்த அண்ணன் தினமும் சுண்டல் அவிக்கிறார். என் மகனும் அங்கேதான் படிக்கிறான், பீடி சுற்றும் வீட்டுப் பையனோடு ஒரே பாயில்.

படிப்பை நிறுத்திய பிள்ளை வீட்டுக்கு மறுநாளே ஆள் போகும். அப்படிப் போன ஒரு வீட்டில், "பொண்ணு சம்பாதிச்சாத்தான் வட்டி கட்ட முடியும்" என்று அப்பா சொல்லிவிட்டார். நீங்கள் அவரோடு சண்டை போடவில்லை. எவ்வளவு வட்டி, யாரிடம் வாங்கியது என்று உட்கார்ந்து கேட்டீர்கள். சங்கத்திலிருந்து அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கொடுத்தீர்கள். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்தாள். விடியற்காலையில் ஏரிக்கரையில் பையன்கள் ராணுவத் தேர்வுக்கு 1,600 மீட்டர் ஓடிப் பழகும்போது அவளும் ஓடினாள். பெண் பிள்ளை தனியாக ஓடுவதைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு எழுந்ததும் அக்காக்கள் நாலு பேர் தினமும் வாக்கிங் என்று கரையில் வந்து நின்றார்கள். அவள் இப்போது போலீஸில் கான்ஸ்டபிள்.

குறையே இல்லையா என்றால், ஒன்று இருந்தது. சங்கத்தில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த காலத்தில், கணவனை இழந்த பெண்கள் உள்ளே வரத் தயங்கினார்கள். நானும் அக்காவும் அதைச் சொன்னபோது நீங்கள் வருத்தப்படாமல் கேட்டுக்கொண்டீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பெண்களின் ஃபைல்களை நாங்கள் பார்க்கிறோம். நீல ஃபைல் என் கையில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கும் போகிறேன். இந்த நம்பிக்கைக்கும் நன்றி ஐயா.

சுபேதார் ஐயாவுக்கும் அக்காவுக்கும், பெஞ்சில் உட்கார்ந்த அண்ணனுக்கும், சிக்னல்ஸ் அண்ணனுக்கும், கணக்கு வாத்தியார் அண்ணனுக்கும், சுண்டல் அவிக்கும் அண்ணனுக்கும், ஏரிக்கரையில் நின்ற அக்காக்களுக்கும், ஆட்டோவுக்குக் காசு வாங்காமல் எத்தனையோ முறை வேலூர் கூட்டிப்போன டிரைவர் தம்பிக்கும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி ஃபீஸ் கட்டிய அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

லீவில் வரும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணமும், ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா, மனைவி பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று யூனிட்டில் கேட்டுப் பாருங்கள். நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மனைவியை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குமேல் சங்கத்துக்கு அனுப்புங்கள், நானோ அக்காவோ இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.