வீடியோ இன்டர்வியூவுக்கு முதல்ல ஒரு ரூம் வேணும்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

வீடியோ இன்டர்வியூவுக்கு எப்படி ரெடியாகணும்னு நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சுல்லா, படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா அமைதியான ரூமா பாத்து உக்காந்துக்கோங்கன்னு ஒரே வரியில சொல்லிட்டு, சட்டை கலரு, சிரிக்கிறதுன்னு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. எங்க ஊர்ப் பக்கம் அந்த ஒரு வரிதான் பெரும்பாடு. மத்ததெல்லாம் ஒரு ராத்திரியில சொல்லிக் கொடுத்துரலாம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வச்சிருக்கேன். முன்னெல்லாம் ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வருவாங்க, பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட வருவாங்க, கொரோனாவுக்கு அப்புறம் இன்டர்வியூவுக்கே கடைக்கு வந்துருதாங்க. பின்னால பிளைவுட் அடிச்சு ஒரு சின்ன ரூம் இருக்கு, ஃபேன் சத்தம் மைக்ல ஏறுதுன்னு அதையும் ஆஃப் பண்ணிட்டு வேர்க்க விறுவிறுக்க உக்காந்து பேசிட்டுப் போறாங்க. அவங்க பேசுறதுல பாதி எனக்கு கவுன்டர்ல கேக்கும், ஒட்டுக் கேக்கணும்னு இல்ல, பிளைவுட்டோட லட்சணம் அப்படி.

கட்டுரை எழுதுனவங்களுக்கு நம்ம வளவு வீடு தெரியுமோ என்னமோ. ஒரே முத்தத்துக்கு அஞ்சாறு வீடு, ஒரு வீட்டுல தாளிச்சா மூணாவது வீட்டுல தும்முவாங்க, பட்டாசல்தான் தூங்குற எடம், சாப்பிடுற எடம், பிள்ளைக படிக்குற எடம், வந்தவங்கள உக்கார வைக்குற எடம், இதுல கதவ அடைச்சிட்டு ஒரு மணி நேரம் தனியா உக்காரணும்னா யாரைப் போயி வெளிய நிக்கச் சொல்ல? முக்கூடல் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, பி.காம் முடிச்சது, மொத ரவுண்டு வீட்டுல இருந்தே பேசியிருக்கு. அம்மா சொளவ மடியில வச்சு பீடி சுத்துதாவ, பக்கத்துல சித்தி இலை வெட்டுதாவ. அந்தக் கத்திரி சத்தம் இருக்கே, டக் டக் டக்னு ஒரே சீரா வரும், அதக் கேட்டுட்டு அந்தப் பக்கம் இருந்த மேடம், யாரும் பக்கத்துல உக்காந்து டைப் பண்ணி பதில் எடுத்துத் தாராங்களான்னு கேட்டிருக்காங்க. பொண்ணு ஆடிப்போயிருச்சு. பீடி இலை வெட்டுற சத்தம்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு தெரியல, இல்ல மேடம் இல்ல மேடம்னு மட்டும் சொல்லிருக்கு. அம்மாவையும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா, அன்னைக்குக் கணக்க முடிச்சு கடையில போட்டாத்தான் அவங்களுக்குக் கூலி.

அந்த மேடத்தையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நெலவரம் அப்படி. கேள்விய கேட்டதும் ஏஐ பதில் எழுதிக் கொடுக்கும், அத ஸ்கிரீன்ல பாத்து வாசிக்காங்க, சில பேரு ஆளையே மாத்தி உக்கார வைக்காங்க. அதனால இப்ப முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்ணச் சொல்லுதாங்க, கேமராவத் தூக்கி ரூமச் சுத்திக் காட்டச் சொல்லுதாங்க. சுத்திக் காட்டுனா என்ன தெரியும், கொடியில துணி, மூலையில நெல்லு மூடை, கட்டில்ல தாத்தா. அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லுவேன், ஆனா இருபத்திரெண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த நேரத்துல மனசு சுருங்கிரும், அப்புறம் கேக்குற கேள்வி காதுல ஏறாது.

வீட்டுச் சத்தத்த அடக்குனாலும் ஊர்ச் சத்தம் இருக்கு. சித்திரையிலயும் ஆடியிலயும் எந்தத் தெருவுல கோயில் கொடை விழான்னு கணக்கே கிடையாது. ரேடியோ செட்டுக்காரர் வெள்ளனவே குழாயக் கட்டிருவார், ராத்திரி வில்லுப்பாட்டு. கொடை நடக்கட்டும், அத நிறுத்தச் சொல்ல நான் யாரு, ஆனா இன்டர்வியூ தேதி குடுக்கும்போதே ஊர்க் கொடை தேதியயும் பாத்துக்கன்னு நான் பிள்ளைகள்ட்ட சொல்லுவேன். ஆனி ஆடின்னா எங்க பக்கம் மலைக்காத்து வேற, ஜன்னல் தொறந்திருந்தா மைக்ல அதுதான் பேசும்.

அடுத்து கரண்டு. மாசத்துல ஒரு நா பராமரிப்புன்னு காலையில ஒம்பதுக்கு எடுத்தா மத்தியானம் ரெண்டு மணி, சில நா சாயங்காலம் கூட ஆயிரும், கரெக்ட்டா இன்டர்வியூ வைக்குற நேரம் அதுதான். லேப்டாப்ல சார்ஜ் ஃபுல்லா இருக்குன்னு தெம்பா இருப்பாங்க, மோடத்துக்கு பேட்டரி கெடையாதுங்குற நெனப்பே வராது. மோடத்துக்குன்னே குட்டி யூபிஎஸ் விக்கு, வாங்கலாம், ஆனா தெருமுனையில கேபிள்காரர் வச்சிருக்குற பெட்டிக்கும் கரண்டு இல்லன்னா அது என்ன செய்யும்? அதனால கையில ஒரு சிம் டேட்டா கண்டிப்பா இருக்கணும். அதுலயும் ஒரு கூத்து நடக்கும். தினம் ஒன்றரை ஜிபி பிளான் போட்டிருப்பான், காலையில எந்திரிச்சு ரீல்ஸ் பாத்துப் பாத்தே அதத் தீத்திருப்பான், தீந்தா ஸ்பீடு 64 கேபிபிஎஸ்ஸுக்கு எறங்கிரும். ஜூம் வீடியோ முகம் தெரியுற அளவுக்கு ஓடணும்னாலே அதப் போல பத்து மடங்கு வேணும். அப்புறம் டவர் சரியில்ல டவர் சரியில்லன்னு டவரத் திட்டுவான். இன்டர்வியூ அன்னைக்கு அது முடியுற வரைக்கும் ரீல்ஸ் பக்கமே போகாதல, இல்ல ஒரு டேட்டா பூஸ்டர் போட்டு வச்சுக்கன்னு நான் சொல்லுறது இதனாலதான். ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாக்கும்போதும் டவுன்லோடு நம்பர மட்டும் பாத்து சந்தோசப்படக் கூடாது, உங்க முகம் அங்க போகணும்னா அப்லோடுதான் முக்கியம்.

போன்ல பேசுறவங்களுக்கு இன்னொரு தொல்லை, நடுவுல கால் வரும். பெரும்பாலும் மாமாவா இருக்கும், என்ன மருமவனே இன்டர்வியூ முடிஞ்சிட்டான்னு கேக்கத்தான். வைஃபைல பேசுனா ஃப்ளைட் மோடு போட்டுட்டு வைஃபைய மட்டும் ஆன் பண்ணிக்கிடலாம், சிம் டேட்டால பேசுனா அது முடியாது, டூ நாட் டிஸ்டர்ப் போட்டுட்டு, சொந்தக்காரங்ககிட்ட முந்துன நாளே சொல்லி வச்சிரணும். அதவிட இன்டர்வியூ இருக்குன்னே சொல்லாம இருக்கது நல்லது.

கேமரா, லைட்டு சமாச்சாரமெல்லாம் கட்டுரையில வந்ததுதான், ஜன்னல் முகத்துக்கு எதிர்ல இருக்கணும், முதுகுக்குப் பின்னால இருந்தா ஆளு கருப்பா நிழல் மாதிரி தெரியும், போன் கண்ணு மட்டத்துல இருக்கணும், அதுக்கு ஸ்டாண்டு வேணாம், ரெண்டு எவர்சில்வர் டப்பா போதும். கட்டுரையில விட்டுப்போன ஒண்ணு பேரு. ஜூம்ல உள்ள போகும்போது என்ன பேரு காட்டுதுன்னு பாக்க மாட்டாங்க. ஒரு தம்பி அரை மணி நேரம் ரெட்மி நோட் 9ங்குற பேர்லயே பேசிட்டு வந்தான், கடைசி வரைக்கும் அவங்களும் மிஸ்டர் ரெட்மின்னு கூப்பிடாம விட்டது அவங்க பெருந்தன்மை.

பேச்சுக்கு வாரேன். நாம திருநெல்வேலிக்காரங்க பொதுவா வேகமாப் பேசுவோம், இங்கிலீஷ்னா பயத்துல இன்னும் வேகம். நேர்ல அது ஓடிரும், வீடியோவுல சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேருது, அவங்க கேள்விய முடிக்கலன்னு தெரியாம நாம ஆரம்பிச்சிருவோம், ரெண்டு பேரும் சேந்து பேசி, ரெண்டு பேரும் சாரி சொல்லி, மறுபடி ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சு, வெளிய இருந்து கேக்க எனக்கே சங்கடமா இருக்கும். கேள்வி முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டுட்டு ஆரம்பிச்சாப் போதும். அப்புறம் உங்களப் பத்திச் சொல்லுங்கங்குற கேள்விக்கு காலேஜ்ல எழுதிக் கொடுத்தத மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காங்க, ஒரே காலேஜ் பிள்ளைக அஞ்சு பேரு வந்தா அஞ்சு பேரும் அதே நாலு வரி, ஊர் பேரும் அப்பா பேரும் மட்டும் மாறும். அப்பா வயல் கணக்கு வழக்கெல்லாம் மொபைல்ல நான்தான் எழுதி வைக்கேன்னு ஒரு பையன் என்கிட்ட வெளிய நின்னு சொல்லுதான், அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்தவன், உள்ள போயி அத ஒரு வார்த்தை சொல்லல, எனது பொழுதுபோக்கு கிரிக்கெட்னு சொல்லிட்டு வாரான்.

லைன் கட்டாயிட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தாரதில்ல. மோடத்தக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காராம அந்த நிமிசமே மெயில் இல்லன்னா போன் போடணும், கரண்டு போயிருச்சு, பத்து நிமிசத்துல வேற நெட்ல வாரேன், இல்லன்னா வேற நேரம் குடுங்கன்னு. பெரும்பாலும் குடுக்காங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல இங்க கரண்டும் இல்ல டவரும் இல்லன்னு கெடந்தோமே, அப்பக்கூட சிக்னல் வந்த மொத நாளே மெயில் போட்ட பிள்ளைகளுக்குத் தேதி மாத்திக் கொடுத்தாங்க. இனிமே என்னத்தன்னு பேசாம இருந்தவங்களுக்குத்தான் போச்சு.

வளைகுடா வேலைக்குப் பேசுறவங்க நேரத்தச் சரியாப் பாத்துக்கிடணும். துபாய்ல பத்து மணின்னா நமக்கு பதினொன்றரை, சவுதின்னா பன்னெண்டரை, சிங்கப்பூர்ல பத்துன்னா நமக்குக் காலையில ஏழரை, அப்பத்தான் வளவுல தண்ணி வார நேரம். வீடியோவுல இன்டர்வியூன்னு சொல்லிட்டு, ரெண்டு கேள்வி கேட்டு செலக்ட் ஆயிட்டீங்க, பிராசஸிங் ஃபீஸ் அனுப்புங்கன்னா அது இன்டர்வியூவே கெடையாது. ஓடிபி கேட்டாலும் அதே கததான். 2022ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போயி மியான்மர்ல மாட்டி மீண்டு வந்த நம்ம தமிழ்நாட்டுப் பையங்க சேதி பேப்பர்லயே வந்ததுதான. ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இமைகிரேட் வெப்சைட்ல பாக்கலாம், காசு போயிட்டா உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு போன் அடிக்கணும், ரெண்டு நா கழிச்சு அடிச்சா மீட்குறது செரமம்.

இவ்வளவு எழுதினதுக்குக் காரணம் ஒண்ணுதான். மெட்ராசுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா உக்காந்து 650 கிலோமீட்டர் போயி, எக்மோர்ல எறங்கி, எவன் ரூம்லயோ குளிச்சிட்டு இன்டர்வியூ போன காலம் மாறிருச்சு, டிக்கெட் காசு மிச்சம்னு எல்லாரும் சொல்லுதாங்க, நெசந்தான். ஆனா அன்னைக்கு உக்காந்து பேசுற ரூம கம்பெனிக்காரன் குடுத்தான், மேசை, ஃபேன், அமைதி எல்லாம் அவன் பாடு. இப்ப அது பிள்ளைக தலையில விழுந்திருக்கு. தனி ரூம் இருக்குற வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விசயமே இல்ல, இல்லாத வீட்டுப் பிள்ளை என் பிளைவுட் ரூமுக்குக் காசு குடுக்கு.

வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒண்ணு இருக்கும், சொத்து வரியில 10 சதவீதம். 1948லயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்மது. பாளையங்கோட்டையில மாவட்ட மைய நூலகம் இருக்கு, ஊர் ஊருக்கு கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் இருக்கு, அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல பஞ்சாயத்துகள்ல கட்டுன நூலகக் கட்டடமும் இருக்கு, அதெல்லாம் நாள் பூரா புழக்கத்துல இருக்குற எடமும் இல்ல. அதுல ஒரு மூலையத் தடுத்து, கதவு, ஒரு மேசை, ஒரு நெட் கனெக்சன், கரண்டு போனா தாங்குற ஒரு இன்வெர்ட்டர், வாசல்ல ஒரு நோட்டு, முந்துன நாள் பேர் எழுதி நேரம் வாங்கிக்கிடலாம். வேலைவாய்ப்பு ஆபீஸ்ல டிஎன்பிஎஸ்சிக்குத் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்துதாங்கல்லா, அங்கயும் வாரத்துல ஒரு நா ஒரு பழைய லேப்டாப்ப வச்சு ஒத்திகை பாக்க விடலாம், இதுக்கு வாத்தியார் கூட வேணாம், பிள்ளைகளே ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேட்டுக்கிடும். இது வந்தா என் கடை வருமானம் கொஞ்சம் அடிபடும்தான், படட்டும், நான் ஜெராக்ஸ் போட்டுப் பொழச்சிக்கிடுவேன்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. நாளை மின்தடைன்னு முந்துன நாள் போடுதீங்க, அது இன்டர்வியூ தேதி வாங்குன பிள்ளைக்கு உதவாது, தேதி மாத்திக் கேக்க ரெண்டு மூணு நாளாவது வேணும். கரண்டு ஆபீஸ்ல இருந்து முன்னாடியே லிஸ்ட் வாங்க முடிஞ்சா வாரத்துக்கு ஒரு தடவ ஒரே எடத்துல மொத்தமாப் போடுங்க, துணை மின் நிலையம் பேரோட நிறுத்தாம எந்தெந்த ஊரு, எந்தெந்தத் தெருன்னும் போட்டா நல்லது. எந்த சப்ஸ்டேஷன்ல இருந்து நம்ம வீட்டுக்குக் கரண்டு வருதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

என் பேரப் போட வேண்டாம், கடைக்கு வார பிள்ளைக யாரு எவருன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்