கோட்டை கட்டி டிரா செய்தவர் சோம்பேறியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழின் செஸ் பக்கத்தில், "என்ஜின் +4 காட்டும்போது டிராவுக்குக் கைகொடுத்தது வெறும் சோம்பேறித்தனம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. என்ஜின் என்கிற செஸ் கணினி நிரல், வெள்ளைக்கு நான்கு சிப்பாய் அளவு சாதகம் என்று கணிப்பதுதான் இந்த +4. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையிடம் ராணி, கறுப்பிடம் யானை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிப்பாய்கள். ராணிக்கு 9, யானைக்கு 5 என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் 4, சரி. ஆனால் கறுப்பு ராஜா சிப்பாய்களுக்குப் பின்னால் பதுங்கியிருக்க, யானை சிப்பாய்க் காவல் உள்ள இரண்டு கட்டங்களுக்கு மாறி மாறிப் போய்வருகிறது. வெள்ளை ராஜா உள்ளே வர வழியே இல்லை, ராணி தனியாக என்ன செய்யும்? காய் பலம் குறைந்தவர் இப்படி எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி காப்பதைத்தான் கோட்டை என்கிறோம், உங்களுக்குத் தெரியாததல்ல. சந்தேகத்துக்கு என்ஜினையே இரண்டு பக்கமும் ஆடவிட்டேன். ராணி பலகை முழுக்கச் சுற்றி வந்தது, எண் ஏறாமல் அங்கேயே நின்றது, சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் 50 நகர்வு போனால் டிரா என்ற விதிப்படி கடைசியில் டிரா. ஜெயிக்கிற ஆட்டம் என்றால் அந்த எண் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டாமா?

இன்றைய என்ஜினை மனிதர் ஜெயிக்க முடியாது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களுக்குள் வந்துவிட்டால், எல்லா நிலைகளுக்கும் முடிவைக் கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் சொல்வதுதான் முடிவு, அதிலும் இல்லை. அதற்கு மேல் காய்கள் இருக்கும்போது என்ஜின் காட்டும் எண்ணைத் தீர்ப்பாக அச்சடிப்பதில்தான் சண்டை. நான் ஆட ஆரம்பித்த காலத்துப் புரோகிராம் ஒன்று, ஒரு பிஷப்பும் ஓரச் சிப்பாயும் கூடுதலாக இருந்தால் போதும் என்று மற்ற காய்களையெல்லாம் ஆசையாக மாற்றிக்கொள்ளும். சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் ஒரு நிறம், பிஷப் ஓடுகிற கட்டம் வேறு நிறம். என் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் கிளப்ப முடியாது. அதுவும் பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டேதான் டிரா ஆகும்.

என்ஜின் தடுமாறும் இடத்தில் மனிதர் ஜொலித்த ஆட்டங்களும் உண்டு. 2002-இல் பஹ்ரைனில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற என்ஜினுக்கு எதிராக ராணிகளைச் சீக்கிரமே மாற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்களை ஜெயித்துக் காட்டினார். மொத்தப் போட்டி 4–4 என்று சமனில் முடிந்தது. 1998-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ், ஒருவர் பிஷப் வெள்ளைக் கட்டத்திலும் மற்றவர் பிஷப் கறுப்புக் கட்டத்திலும் ஓடுகிற ஆட்டத்தில் தன் பிஷப்பையே தூக்கிக் கொடுத்தார், ராஜா ஓரடி முந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும். அந்த நகர்வைக் கண்டுபிடிக்க என்ஜின்கள் பல வருடம் திணறின. இதெல்லாம் உங்கள் பக்கத்தில் ஒருகாலத்தில் வந்த விஷயங்கள்தானே? அப்போது இதழுக்கு ஒரு இறுதியாட்டப் புதிர் வரும், பதிலுக்காக அடுத்த இதழ்வரை காத்திருப்போம். அதை நிறுத்தியபோது ஒரு வரி அறிவிப்புகூடப் போடவில்லை. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை.

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் "என்ஜின் எவ்வளவு காட்டுது சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தோற்பதாக எண் காட்டினால் அந்த நிலையை மேற்கொண்டு பார்ப்பதே இல்லை. 1997-இல் ஐபிஎம்மின் செஸ் கணினி டீப் புளூவுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவே தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார், தொடர் செக் கொடுத்து டிரா செய்யும் வழி இருந்ததாக அப்புறம்தான் சொன்னார்கள். இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்ற நம்பிக்கை அவரையே அப்படிச் செய்ய வைத்ததென்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பிள்ளைகள்தான் உங்கள் பக்கத்தையும் படிக்கிறார்கள், ஐயா. கோட்டையைக் கண்டுபிடித்துக் காத்தவரைச் சோம்பேறி என்று அவர்கள் படிக்க வேண்டுமா?

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த நிலை டிராதான் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். இன்னொன்று, படத்துக்குக் கீழே யார் ஆட வேண்டிய முறை என்றாவது தயவுசெய்து அச்சிடுங்கள். போன இதழில் அதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகர்