டோரதி எதனால் இறந்தார் என்பதையும் சொல்லுங்கள்: பேய்க்கதைக் காணொளி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காணொளித் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ரேனம் மாளிகையையும் அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ‘பழுப்புச் சீமாட்டி’யையும், அதாவது அந்த மாளிகைக்காரரின் மனைவி டோரதி வால்போலின் ஆவியையும், நீங்கள் நன்கு அறிவீர்கள் என்பதால், அந்தக் கதையை இங்கே விரித்துரைக்கவில்லை.

சென்ற வாரம் என் 11 வயது மகள் உங்களில் ஒருவருடைய காணொளியைப் பார்த்தாள். அன்றிரவு மாடியறைக்குப் போக மறுத்து, கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். பேய்ப் பயம் என்றுதான் நினைத்தேன். விளக்கை அணைக்கப் போனபோது, “அப்பா, அந்த அம்மா தப்பு பண்ணினாங்கன்னு ரூம்ல போட்டுப் பூட்டினாங்களே, அப்படிப் பூட்டலாமா?” என்று கேட்டாள். வார்ட்டன் பிரபுவோடு உறவு வைத்திருந்ததற்காகக் கணவர் டோரதியை அடைத்துவைத்துச் சாகடித்தார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகவும், செய்த பாவத்துக்குக் கிடைத்த கூலியாகவும் அந்தக் காணொளியில் சொல்லியிருந்தார்கள்.

டோரதி வால்போல் 1686-இல் பிறந்தவர். 1713-இல் சார்ல்ஸ் டவுன்ஷெண்டுக்கு இரண்டாம் மனைவியானார். 1726 மார்ச் மாதத்தில் அவர் பெரியம்மையால் இறந்ததாகவே பதிவு இருக்கிறது. அப்போது அவருடைய அண்ணன் ராபர்ட் வால்போல் நாட்டின் அரசாங்கத்தையே நடத்திக்கொண்டிருந்தார். டோரதியின் ஆவியைக் கண்டதாகப் பதிவான முதல் செய்தியோ 1835 கிறிஸ்துமஸ் காலத்தைச் சேர்ந்தது. அவர் இறந்து 109 ஆண்டுகளுக்குப் பிந்தியது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நோயின் பெயரைச் சொன்னாலே அவர்களுக்குப் புரியும். அந்த ஒரு சொல்லைக்கூட நீங்கள் சொல்லவில்லை.

அந்த ஆவியின் உருவம் தெரிவதாகச் சொல்லப்படும் புகைப்படத்தையும் அப்படித்தான் கையாள்கிறீர்கள். 1936 செப்டம்பர் 19 அன்று புரோவாண்ட், இந்த்ரே ஷிரா என்ற இருவர் ரேனம் மாளிகையின் மாடிப்படியில் எடுத்து, அந்த டிசம்பரில் ‘கண்ட்ரி லைஃப்’ இதழில் வெளியான அந்தப் படத்தை ‘அறிவியலால் விளக்க முடியாதது’ என்கிறீர்கள். ஒரே தகட்டில் இரு காட்சிகள் பதிந்திருக்கலாம், லென்ஸில் பிசுக்குப் படிந்திருக்கலாம், கேமராவுக்குள் வெளிச்சம் கசிந்திருக்கலாம் என்ற விளக்கங்கள் நெடுநாளாகவே இருக்கின்றன.

நம் ஊர்ப் பாழடைந்த பங்களாக்களைப் பற்றிப் பேசும்போதும் இதே வழக்கம்தான்: செத்தவர் பெண்ணென்றால் அவருடைய நடத்தையைப் பற்றிய வதந்திதான் முதலில் வருகிறது. மறுத்துப் பேச வாயில்லாத ஒருவர் மீது இவ்வளவு எளிதாகப் பழி சுமத்துவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கதை சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பேய்க்கதை கேட்டு வளர்ந்தவன்தான் நானும். கள்ள உறவும் சிறைவைப்பும் வதந்தி என்பதையும், டோரதி பெரியம்மையால் இறந்தார் என்ற பதிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளின் குறிப்புப் பகுதியிலாவது அந்தத் திருத்தத்தைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர்த்தால் என் மகளுக்கு நானே அதைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை