பாஸ்கரனுக்கு: விமானம் சுமந்த நீர்மூழ்கி பற்றி

அன்புள்ள பாஸ்கரன்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முட்டுவலி தேவலையா? மழை விட்டதும் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் நீர்மூழ்கிக்குள் விமானத்தை எப்படி வைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக அதைத்தான் தேடித்தேடிப் படிக்கிறேன். போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படையின் தொழில்நுட்பக் குழு ஜப்பானுக்குப் போய் எழுதிய அறிக்கைகள் கிடைத்தன. அந்தப் படங்களைப் பார்த்தால் நீ கீழே வைக்கமாட்டாய்.

ஐ-400 நீர்மூழ்கி 122 மீட்டர் நீளம். மேல்பாரம் தாங்குவதற்காக, இரண்டு உருளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய மாதிரி உடலைக் கட்டினார்கள். அதன் மேல் சுமார் 30 மீட்டருக்குத் தண்ணீர் புகாத இன்னொரு உருளை. அதற்குள் மூன்று செய்ரான் விமானங்கள், இறக்கையைத் திருப்பிப் பின்பக்கமாக மடக்கி. நீருக்கடியில் இருக்கும்போதே என்ஜின் எண்ணெயைச் சூடாக்கிவிடுவார்கள். மேலே வந்ததும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த உருளை நடுவில் படுத்துக்கொண்டதால் மேலே நின்று கப்பலை நடத்தும் கோபுரத்தை இடப்பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. நீருக்கடியில் கப்பல் ஒரு பக்கமாக இழுக்கும். நேராகப் போகவே சுக்கானை 7 டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும்! பனாமா கால்வாயைத் தாக்கத்தான் முதலில் திட்டம். அப்புறம் பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த உலித்தித் தீவுக்கு மாற்றினார்கள். தாக்குவதற்குள் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது.

என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய சாதனை அவர்களுடைய 95ஆம் வகை டார்பிடோதான் (நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு). காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜனில் மண்ணெண்ணெயை எரித்து ஓடும். காற்றில் ஓடுவதென்றால் நைட்ரஜன் எரியாமல் குமிழியாக வெளியேறி, கடலில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். இதில் அந்தத் தடம் மிகக் குறைவு. 400 கிலோ வெடிமருந்தோடு சுமார் 50 நாட் (மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல்) வேகத்தில் 9 கிலோமீட்டர் போகும். 1942 செப்டம்பர் 15 அன்று ஐ-19 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி ஆறு டார்பிடோக்களை ஏவியது. வாஸ்ப் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் படாமல் போனவை, மைல்கணக்கில் தள்ளிப் போய்க்கொண்டிருந்த நார்த் கரோலினா, ஓப்ரையன் என்ற இரண்டு போர்க்கப்பல்களில் போய் மோதின.

இதெல்லாம் கையில் இருந்தும், சரக்குக் கப்பல்களை விட்டுவிட்டுப் போர்க்கப்பல்களையே முக்கிய இலக்காக வைத்திருந்தது ஜப்பானியத் தலைமை. போகப்போக, தீவுகளில் பட்டினி கிடந்த படைகளுக்கு அரிசி சுமக்க இந்த நீர்மூழ்கிகளையே அனுப்பினார்கள். பசிபிக் தீவான குவாடல்கனாலில் சரக்கு இறக்கப் போய்த்தான் 1943 ஜனவரியில் ஐ-1 என்ற நீர்மூழ்கி அழிந்தது. வடிவமைத்தவர்களின் திறமை இப்படிப் பாழானதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

உன் அப்பா நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 1943 ஏப்ரலில் மடகாஸ்கருக்கு அப்பால், நேதாஜி ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் வந்து ஏறிய ஐ-29, இந்த ஐ-19இன் அதே வகைதான்.

சரி, உன்னிடம் ஒரு சந்தேகம். ஆக்சிஜன் வால்வில் துளி கிரீஸ் பட்டாலும் வெடிக்கும் என்று பட்டறையில் பையன்களைத் திட்டுவாயே. அந்த டார்பிடோவைச் செய்தவர்களும் குழாய்களில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, கூர்மையான வளைவுகளைத் தவிர்த்து, முதலில் காற்றில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனுக்கு மாற்றினார்களாம். வளைவு கூர்மையாக இருந்தால் என்ன ஆகும்? கேஸ் வெல்டிங்கில் நீ பார்த்திருப்பாய், விவரமாக எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்