நுவரெலியா பழைய பியர் வடிசாலையின் எச்சங்களை அளந்து பதிவுசெய்து பாதுகாக்கக் கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
தொல்பொருள் திணைக்களம்,
கொழும்பு.

ஊடாக:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், நுவரெலியா.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்து, இந்நகரின் பாடசாலையொன்றில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். ஊரார் ‘புருவரி’ என்றே இன்றும் சொல்லும் பழைய பியர் வடிசாலையில் எஞ்சியிருக்கும் கட்டடப் பகுதிகளையும் நீர்வழிகளையும், அவை மேலும் சிதைவதற்கு முன் தங்கள் திணைக்களம் அளந்து பதிவுசெய்ய வேண்டும் என்றும், தகுதியானவற்றைச் சட்டப்படி பாதுகாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மனுவை எழுதுகிறேன்.

இவ்வடிசாலையின் தொடக்கம் சாமுவேல் பேக்கரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 1848 அளவில் ஆங்கிலேயக் குடியேறிகளையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து இம்மலையில் பண்ணை அமைத்த அவர், மறு ஆண்டில் தோட்டத்துரைமாரின் தேவைக்காகச் சிறிய அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பதே பின்னாளில் இத்தொழிலை நடத்திய நிறுவனம் சொல்லிவரும் மரபு. 1855இல் அவர் இத்தீவை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு எழுதியவராகவே உலகம் அவரை அறிகிறது. ஆனால் அவர் தொடங்கிய தொழில் இங்கேயே வேரூன்றியது. 1880களில் அது வணிக அளவுக்கு வளர்ந்தது. இமயமலையடிவாரத்தில் வடிசாலை நடத்திய மரீ நிறுவனம் உதகமண்டலத்தைப் போலவே நுவரெலியாவிலும் கால்பதித்தது. 1911இல் இலங்கை பியர் நிறுவனம் பொதுக் கம்பனியாகப் பதிவாயிற்று. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்தையும், சுதந்திரத்தையும், தோட்டங்கள் அரசுடைமையான காலத்தையும் கடந்து, 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாறும்வரை இத்தொழில் இம்மலையிலேயே நடந்தது.

இது ஏன் இங்கே அமைந்தது என்ற கேள்விக்கான விடைதான் இவ்விடத்தின் கட்டடக்கலைச் சிறப்பு என்பது என் துணிபு. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவாத காலத்தில், கொழும்பின் வெக்கையில் நொதிக்கவைத்த பியர் விரைவில் புளித்துக் கெட்டுவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் குளிர், அந்த வேலையைச் செலவில்லாமல் செய்து கொடுத்தது. கசௌலி, மரீ, உதகை ஆகிய மலைவாசத்தலங்களில் அக்காலத்து வடிசாலைகள் எழுந்ததற்கும் இதுவே காரணம். குளிருக்கு அடுத்தபடியாகத் தண்ணீர்: பீதுருதாலகால மலைச்சரிவிலிருந்து லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சியாக இறங்கிவரும் ஊற்றுநீரே இங்கு காய்ச்சிய பியருக்கு ஆதாரம். ஆகவே மலை, நீர், கட்டடம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இவ்விடம் விளங்கும். கொதிகலன் நின்ற இடம் எது, ஆவி வெளியேறக் கூரையில் விட்ட திறப்பு எது, நொதித்தொட்டிகளின் பாரத்தைத் தாங்கிய தளம் எது, குளிர்ச்சியைக் காக்கத் தடித்த சுவர் எழுப்பிய அறை எது என்று இத்தகைய கட்டடத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய வல்லுநர்கள் தங்கள் திணைக்களத்திலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பார்வை இவ்விடத்தின்மீது விழ வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

பதிவு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இல் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் கந்தப்பளை வழியாக இராகலை வரை நீட்டிக்கப்பட்ட, தண்டவாள அகலம் குறைந்த ரயில் பாதை, 1940களில் மூடப்பட்டது. அப்பாதையில் ரயில் ஓடியது என்பதையே என் மாணவர் பலர் நம்ப மறுத்தார்கள். காட்டுவதற்கு அவ்வளவு சொற்பமே மிஞ்சியிருந்தது.

நல்ல முன்மாதிரிகளும் தொலைவில் இல்லை. கந்தப்பளைக்கு அருகே மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, பழைய இயந்திரங்களைக் கைவிடாமலே 1990களில் விருந்தகமாக்கப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. எங்கள் 1894ஆம் ஆண்டுத் தபாலகத்தை விருந்தக முதலீட்டுக்குக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது மக்கள் எவ்வளவு உறுதியாக எதிர்த்தார்கள் என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

மதுவோடு தொடர்புள்ள இடத்தை ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். குடியால் குலைந்த தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு அக்கேள்வியின் வலி தெரியும். குடிப்பழக்கத்துக்கு விளம்பரம் தேடுவது என் நோக்கமன்று. பேக்கரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கடல்கடந்து வந்த, முளைகட்டி உலர்த்திய பார்லியான மோல்டையும் பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூக்களையும் மலையேற்றியவர்கள், அடுப்பெரித்தவர்கள், போத்தல் கழுவியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுடைய உழைப்புக்கு எஞ்சிய சாட்சி இந்தச் சுவர்கள்தான்.

ஆகையால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் தங்களுக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, காணி உரிமையாளரின் ஒத்துழைப்போடு இவ்விடத்தை ஆய்வுசெய்து, அளவு வரைபடங்களும் ஒளிப்படங்களும் தயாரிக்கும்படி வேண்டுகிறேன். பாதுகாக்கத் தக்கவை என்று ஆய்வில் தெரியவரும் பகுதிகளை வர்த்தமானியில் அறிவிப்பதற்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதுவரை எந்த இடிப்புக்கும் முன்னர் தங்கள் திணைக்களத்தின் கருத்தைக் கேட்கும்படி மாநகர சபைக்கு எழுதி உதவ வேண்டும். இவற்றுள் மிக அவசரமானது, அங்கு வேலைசெய்து ஓய்வுபெற்றவர்களின் நினைவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிப்பதிவு செய்வதாகும். கட்டடம் இன்னும் சில ஆண்டுகள் தாங்கலாம், அவர்களுடைய வயது தாங்காது. நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் பாதையில் இவ்வரலாற்றை மூன்று மொழிகளிலும் கூறும் பெயர்ப்பலகை ஒன்றையும் நிறுவித் தர வேண்டுகிறேன். தமிழ் வாசகம் மொழிபெயர்ப்புப் பிழைகளோடு அமைவதை நாம் அடிக்கடி காண்பதால், அதைத் திருத்தமாக எழுதித் தரும் பொறுப்பை நானே ஊதியமின்றி ஏற்கிறேன்.

தங்கள் அலுவலர்கள் ஆய்வுக்கு வரும் நாளைப் பிரதேச செயலகத்தின் ஊடாக ஒரு வாரத்துக்கு முன் அறிவித்தால், முன்னாள் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு நானும் அங்கு வந்து காத்திருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நுவரெலியா.