தங்கச்சிக்கு: காசித்தும்பை விதை அனுப்பமாட்டேன்

தங்கச்சி,

அம்மாவின் திவசத்துக்கு முதல் நாள் நீ அவவின் காசித்தும்பைப் பூவிதை கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். விதை அனுப்பமாட்டேன். போத்தலில் இருந்தது 41. அதில் பத்தை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த ரிஸ்யூவில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, குசினித் தட்டில் இரண்டு கிழமை வைத்துப் பார்த்தேன். முளைத்தது இரண்டு. மிச்சம் 31இல் ஆறேழு தேறினால் பெரிய விஷயம். அதை இரண்டு நாட்டுக்குப் பங்குபோட முடியாது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத விதையைத் தபாலில் பிடித்தால் உங்கள் கனடாப் பக்கத்தில் அழித்தும்விடலாம். எல்லாவற்றையும் இங்கேயே விதைக்கப் போகிறேன்.

கோபம் வரும், வரட்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: மற்ற எட்டும் முளைக்காததற்கு நான்தான் காரணம்.

விதை வைப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பரனைற்றில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதன் வீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டக்கூடாது. கொழும்பு வெள்ளவத்தையில் சும்மா ஒரு நாளில் வெப்பம் 82உம் ஈரப்பதன் 80உம், கூட்டினால் 162. அதனால்தான் அம்மா வறுத்து ஆறவைத்த அரிசியைப் போத்தலின் அடியில் போட்டு, மேலே விதையைக் கடதாசியில் மடித்து வைத்து, பிரிட்ஜில் வைத்தா. அதில் பிழையே இல்லை. பிழை, நான் அந்தப் போத்தலைக் குளிரோடு குளிராகத் திறந்தது. வெளியே எடுத்த சோடாப் போத்தல் வியர்க்குமே, அதே வியர்வை விதையிலும் படியும். அரை நாள் மூடியபடியே வெளியே வைத்து, சூடு சமப்பட்ட பிறகுதான் திறக்கவேண்டும். தெரிந்திருந்தும் திறந்தேன். ஒரு தடவை இல்லை. ஏன் என்று இங்கே எழுதவில்லை, மாமி ஆக்களும் இதை வாசிப்பினம்.

எல்லாப் பழியும் என்னிலும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. பிரிட்ஜ் வெறும் அலுமாரியாக நின்றது. நீ அப்போது பவர் பாங்க் அனுப்பட்டுமா என்று கேட்டாய். பவர் பாங்கில் பிரிட்ஜ் ஓடாது, தங்கச்சி.

உன்னை நினைத்தால் எனக்கு எயார்போர்ட் வருவதில்லை. நீ போன அன்று விடிய, ஏற்றிப்போக வந்த வான் வண்டி கீழே நிற்க, நீ பல்கனியில் நின்று காய்களை ஒவ்வொன்றாய் நசித்ததுதான் வருகிறது. பச்சைக் காய்கள். விரல் பட்டதும் வெடித்துச் சுருண்டன, நீ சிரித்தாய், சீமெந்து நிலமெல்லாம் விதை. காய் உப்பி, பச்சை வெளிறி மஞ்சள் தட்டும்போதுதான் உள்ளே விதை கபிலமாகும். அதற்கு முன் வெள்ளை, வெள்ளை முளைக்காது. அம்மா குந்தியிருந்து, எச்சில் தொட்ட விரலால் ஒவ்வொன்றாய் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நிறம் பார்த்தா. கபிலம் நாலோ ஐந்தோ. நான் வாய் திறக்க, “விடு, பிள்ளை போற நேரம்” என்றா. இன்றைக்கும் அந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் போகாத பிள்ளை.

அதன்பிறகுதான் அம்மா பழைய வேட்டித் துணியில் விரலளவு பைகள் தைத்துக் காய்களுக்குக் கட்டத் தொடங்கினா. நீயும் அப்படியே செய்.

ஏனென்றால் நீயும் நடத்தான் போகிறாய். அங்கேயே விதை வாங்கு. அடுக்குப் பூ, கமெலியா மாதிரிப் பூப்பது என்று எழுதியிருப்பதைப் பார். பைக்கற்றில் எந்த ஆண்டுக்குப் பொதி செய்தது என்று இருக்கும், பழையதை மலிவு என்று தூக்காதே. ரோஸ் நிறம் வேண்டுமென்றால் அந்த நிறம் மட்டும் நடு. பக்கத்தில் வெள்ளை நின்றால் தேனீ கலந்துவிடும், எடுத்து வைக்கும் விதையில் அடுத்த வருடம் எது வருமென்று சொல்ல ஏலாது.

ரொறொன்ரோவில் மே மாதத்து விக்ரோரியா தின நீண்ட வாரஇறுதிக்கு முதல் எதையும் வெளியே வைக்காதே. அதிலிருந்து ஏழு கிழமை பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் தொடக்கம், அன்றைக்கு வீட்டுக்குள்ளே விதை. தோட்டத்து மண் வேண்டாம். தேங்காய்த் தும்புத்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசு, உப்பு இருக்கும். (இங்கேயிருந்து வந்த கட்டியாகவே இருக்கலாம், அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறாய்.) ஓட்டையுள்ள சிறிய கோப்பைக்கு இரண்டு விதை. மேலே வைத்து விரலால் அமத்து, ஒரு மெல்லிய தூவல் போதும், 3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாய் முளைக்கும். 21 தொடக்கம் 24 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றிரண்டு கிழமையில் வரும்.

தண்ணீரை மேலே ஊற்றாதே. கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் 20 நிமிடம் வைத்து எடு. நாற்றின் கழுத்து மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல்போல மெலிந்து ஒரே இரவில் விழுந்தால், அது மண்ணிலுள்ள பூஞ்சை வகைகளின் வேலை. ஈரம் கூடியதும் காற்றோட்டம் குறைந்ததும்தான் அதற்கு வழிவிடும். விழுந்ததைக் காப்பாற்ற நிற்காதே, அந்தக் கோப்பையையே எறி. உங்கள் யன்னல் வெளிச்சத்தை நம்பினால் நாற்று கொடிபோல நீளும். ரியூப் லைற்றை ஒரு சாண் உயரத்துக்கும் கீழே இறக்கி, நாளுக்கு 14 மணித்தியாலம் போடு.

வெளியே வைக்குமுன் ஒரு கிழமை, பத்து நாள், முதலில் ஒரு மணித்தியாலம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டு. செடிக்குச் செடி ஓரடி. நுனியைக் கிள்ளாதே: காசித்தும்பை நடுத்தண்டோடு ஒட்டித்தான் பூக்கும், கிள்ளினால் நல்ல பூக்களைக் கிள்ளினமாதிரி. மத்தியானம் இலை தொங்கினால் பயந்து தண்ணீர் வார்க்காதே, மண்ணைத் தொட்டுப் பார்.

சீனியாப் பூவும் வேண்டுமென்றாயே. அது நாற்றுப் பிடுங்கி நடுவதை விரும்பாது. மண் சூடான பிறகு நேரே கால் அங்குல ஆழத்தில் போடு, ஒரு கிழமைக்குள் வரும். ஸ்வீற் பீ பற்றி என்னைக் கேட்காதே, குளிரில் முளைப்பது, கொழும்புக்காரியிடம் கேட்கிற கேள்வியா?

இங்கே இப்போதே விதைத்தால் 60 நாளில், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிப் பூக்கும். அதோடு மழையும் தொடங்கும், தண்டு அழுகும், அதனால் சாடிகளைப் பல்கனிக் கூரைக்குள் இழுத்து வைத்திருக்கிறேன். காய் விட்டால் துணிப் பை கட்டுவேன். அந்தப் புது விதையில் உனக்குப் பாதி. நீயே வந்து எடு, தபால் இல்லை.

அங்கே முளை வந்தவுடன் படம் அனுப்பாதே. முதல் இரண்டும் வித்திலை, எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒரே முகம். ஓரம் வாள்பல்லாக வெட்டுப்பட்ட இலை வந்ததும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அக்கா
வெள்ளவத்தை