முகூர்த்தத்துக்குப் பிந்தும் கடிகாரம்

அன்புள்ள மச்சான்,

கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். வலிக்கிறது என்று சொன்னால் நீ உடனே இளகிவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு! இங்கே பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. கடையில் இப்போது எல்.இ.டி. டிவி பேக்லைட் வேலைதான் அதிகம்.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். நீ செய்துகொடுத்த மண்டபத்துக் கடிகாரம் கோடையில் மாதம் ஒரு நிமிஷம் பிந்துகிறது, ஐயர் தன் மொபைலைப் பார்த்துத்தான் தாலி எடுத்துக் கொடுக்கிறார் என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதே சர்க்யூட்டில் செய்த ஸ்கூல் கடிகாரம் மட்டும் முந்துகிறது என்கிறாய். நேரத்தை அளக்கும் கிரிஸ்டல் மட்டமானது என்று மூன்றாவது தடவை மாற்றப்போகிறாயாம். மாற்றாதே. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் கிரிஸ்டலைக் கெடுப்பது உன் டிஸ்பிளேதான்.

அந்தச் சின்ன உருளைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கழித்துப்போட்ட கிரிஸ்டலை அரத்தால் ராவிப் பார்த்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, இரண்டு கால் பிரிந்த ஒரு குவார்ட்ஸ் துண்டு. இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) வடிவம். அது நொடிக்கு 32,768 தடவை அதிர, கடிகார சிப் (உன்னுடையது டி.எஸ்.1307) அதைப் பதினைந்து தடவை பாதியாக்கி ஒரு வினாடி எடுக்கிறது. இந்தக் கவைக்கு 25 டிகிரிதான் பிடித்த சூடு. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும், குளிரிலும்கூட. விலகிய டிகிரியை வர்க்கமாக்கி 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிந்தும் என்று கிடைத்துவிடும். உன் தகரப் பெட்டிக்குள் 50 டிகிரி என்று வை. 25-இன் வர்க்கம் 625, விடை 21 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 21 பங்கு. நாளுக்கு 1.8 வினாடி, மாதத்துக்கு 55 வினாடி. நீ சொன்ன கணக்குதானே?

அந்த 50 டிகிரி எங்கிருந்து வருகிறது? மேற்குச் சுவர் வெயில் ஒரு பங்கு. மீதி நீ போட்டது: வோல்ட்டைக் குறைக்கும் 7805 ரெகுலேட்டரும் டிஸ்பிளேயின் செக்மென்ட் ரெசிஸ்டர்களும் கிரிஸ்டலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது 100 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 0.7 வாட் சூடாகப் போகிறது. டிஸ்பிளேயை ராத்திரி அணைத்து வைத்துப் பார், பிந்துவது குறையும்.

ஸ்கூல் கடிகாரம் வேறு கதை. அது டாட் போர்டில் கையால் வயரிங் செய்தது இல்லையா, எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் டிஜிட் செலக்ட் ஒயர்கள் கிரிஸ்டல் கால்களுக்கு மேலேயே போகின்றன. ஒவ்வொரு இலக்கமாக மாற்றி மாற்றி எரியவைக்கும் அந்த ஸ்கேன் துடிப்பு உள்ளே புகுந்தால், சிப் அதையும் ஒரு அதிர்வாக எண்ணிவிடும். அதனால்தான் முந்துகிறது. ஒயர்களைத் தள்ளி ஓட்டு, கிரிஸ்டல் உறையை கிரவுண்டோடு சேர், சுற்றி ஒரு கிரவுண்ட் வளையம் போடு. சால்டரிங் ஃபிளக்ஸ் பிசுக்கை ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றிக் கழுவு. அப்புறம் அந்த இரண்டு 22 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்று. டி.எஸ்.1307-க்குள்ளேயே 12.5 பைக்கோ கிரிஸ்டலுக்கு வேண்டிய லோடு கெப்பாசிட்டர் இருக்கிறது. வெளியே மேலும் சேர்த்தால் அதிர்வெண் இறங்கத்தான் செய்யும்.

அளக்கும்போது கிரிஸ்டல் காலில் புரோபை வைத்துவிடாதே, புரோபின் கெப்பாசிட்டன்ஸே ஓட்டத்தை மாற்றிவிடும். சிப்பின் ஸ்கொயர் வேவ் பின்னில் 1 ஹெர்ட்ஸ் வரவைத்து, புல்-அப் ரெசிஸ்டர் போட்டு, ஜி.பி.எஸ். மாட்யூலின் வினாடித் துடிப்போடு ஒப்பிட்டுப் பார்.

புரோகிராமில் நாளுக்கு இரண்டு வினாடி கூட்டிவிடலாமே என்று கேட்டிருந்தாய். கோடையில் சரியாக இருக்கும், மார்கழியில் முந்தும். சூடு மாறிக்கொண்டே இருக்கும்போது ஒரே எண்ணை வைத்துத் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாலிடெக்னிக்கில் செய்த மாதிரி மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸை எண்ணுவதும் வேண்டாம். நம் கிரிட்டில் 49.90-இலிருந்து 50.05 வரை போகலாம் என்பதே விதி. 49.95-இல் ஒரு நாள் ஓடினால் 86 வினாடி போச்சு. ஐரோப்பாவிலேயே 2018-இல் கொசோவோ, செர்பியா தகராறில் மின்சாரம் குறைந்து, மெயின்ஸை எண்ணும் அடுப்புக் கடிகாரமெல்லாம் ஏறக்குறைய ஆறு நிமிஷம் பிந்திவிட்டது. நமக்குக் கரண்ட் கட் வேறு இருக்கிறது.

மண்டபத்துக்கு டி.எஸ்.3231 சிப் போடு. கிரிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 64 வினாடிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை 2 பி.பி.எம்.தான், அதாவது வருஷத்துக்கு ஒரு நிமிஷம். அதற்கு மேலே போனாலும் 3.5. பெயரின் கடைசியில் 'எம்' என்று போட்டதை வாங்காதே, அது 5 பி.பி.எம். மிச்சமிருக்கும் பிசகை சிப்புக்குள் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 10 என்ற முகவரியில் இருக்கும் ஏஜிங் ரெஜிஸ்டரில் ஒரு திருத்த எண்ணை எழுதி சரிசெய்யலாம். ஒரு படிக்கு ஏறக்குறைய 0.1 பி.பி.எம். 10 நாளில் ஒரு வினாடி பிந்தினால் 1.16 பி.பி.எம்., எனவே -12, ஹெக்ஸில் எஃப்4. பிளஸ் மைனஸ் குறியை மாற்றிப் போட்டுவிடாதே, மைனஸ் போட்டால்தான் வேகமாகும்.

என்னிடம் இரண்டு டி.எஸ்.3231 மாட்யூல் இருக்கிறது, நாளைக்கே கூரியரில் போடுகிறேன். அதில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வழி ஒன்று வைத்திருக்கிறார்கள், சாதா சி.ஆர்.2032 பட்டன் செல்லுக்கு அது ஆகாது. டயோடு பக்கத்தில் இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டே அனுப்புகிறேன். பெட்டியில் மேலும் கீழும் நாலு ஓட்டை போட்டு, 7805-ஐ மேல் மூலைக்கு மாற்றிவிடு. ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பிக்கும் முன்னால் முடித்துவிடலாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பார்சல் வந்ததும் போன் போடு.

இப்படிக்கு,
உன் லேப் பார்ட்னர்